ப்ளூ நோட் ஒரிஜினலுக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா?

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "டாக்டர், ஜான் கோல்ட்ரேனோட 'ப்ளூ ட்ரெயின்' ஒரிஜினல் பிரஸ்ஸிங் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. ஒரு லட்சத்துக்கு மேல சொல்றாங்க. ஒரிஜினல்ல சவுண்டே வேற மாதிரி இருக்கும்கறாங்க. நீங்க காது டாக்டர், ஜாஸும் கேக்கறவர். வாங்கலாமா?"

பதில் இன்பாக்ஸில் அடங்கவில்லை. அதனால்தான் இந்த நீள த்ரெட். ஜாஸ் கேட்காதவர்களும் படிக்கலாம். பழைய பொருளுக்குப் பெரிய காசு கொடுக்கிற யாருக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிடறேன். பாட்டைக் கேட்பதற்காக என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் இருபது நல்ல மறுபதிப்பு வாங்கிக் கேட்கலாம். அந்தக் காலத்துப் பொருளைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை என்றால் தாராளமா வாங்குங்க, அதில் தப்பே இல்லை. ஆனா பொருள் மேல இருக்கிற ஆசைக்கு "சவுண்டு" என்று பேர் வச்சு வாங்காதீங்க. இந்தச் சந்தையில் காசு கரைவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி விளக்கம். கொஞ்சம் பொறுமையா வாங்க.

'ஒரிஜினல்' என்று எதைச் சொல்கிறார்கள்? ஸ்டூடியோவில் வாசித்ததைக் காந்த டேப்பில் பதிவு செய்வார்கள். அந்த மாஸ்டர் டேப்பை ஓடவிட்டு, லாக்கர் பூசிய ஒரு தட்டில் கூரான ஊசியால் வரி வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு, அதிலிருந்து இன்னொரு உலோக அச்சு, கடைசியில் ஸ்டாம்பர். அந்த ஸ்டாம்பரைச் சூடான வினைலில் வைத்து அழுத்தினால் உங்கள் கைக்கு வரும் ரெக்கார்டு. முறுக்குப் பிழிகிற மாதிரிதான். அச்சு தேயத் தேய முறுக்கின் முள் மழுங்கும். அதனால் 'முதல் அச்சு' என்று சொல்லப்படும் ரெக்கார்டுகளுக்குள்ளேயே, புது ஸ்டாம்பரில் முதலில் வந்ததும் தேய்ந்த ஸ்டாம்பரில் கடைசியாக வந்ததும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு விற்பது எது என்று லேபிள் சொல்லாது.

ஆக, ஒரு ரெக்கார்டு எப்படி ஒலிக்கும் என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது. எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள், யார் வெட்டினார், இப்போது அந்தத் தட்டு எந்த நிலையில் இருக்கிறது. அச்சடித்த வருஷம் இந்த மூன்றுக்கும் ஒரு தடயம் மட்டும்தான்.

ப்ளூ நோட் கம்பெனியை எடுத்துக்குவோம், ஜாஸ் சேகரிப்பில் விலை உச்சத்தில் இருப்பது அதுதான். 1939-இல் நியூயார்க்கில் ஆரம்பித்தது. நடத்தியவர்கள் ஆல்ஃபிரட் லயனும் ஃபிரான்சிஸ் வுல்ஃபும், ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய புகழ்பெற்ற பதிவுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் ரூடி வான் கெல்டர். இவர் தொழில்முறையில் கண் பரிசோதகர்! பகலில் மூக்குக்கண்ணாடிக்குப் பவர் பார்த்துவிட்டு, நியூஜெர்சி ஹாக்கென்சாக்கில் தன் அப்பா அம்மா வீட்டு முன்னறையில் ஜாஸ் பதிவு செய்தார். 'ப்ளூ ட்ரெயின்' 1957 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த வீட்டு ஹாலில்தான் பதிவானது. ட்ரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது 19 வயது. 1959-இல் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டூடியோ கட்டிய பிறகுதான் வான் கெல்டர் கண் வேலையை விட்டார். நம்ம தொழிலுக்குப் பக்கத்துத் தொழில் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு கூடுதல் பாசம்.

முக்கியமான விஷயம், அவர் பதிவு மட்டும் செய்யவில்லை. லாக்கரையும் அவரே வெட்டினார். ரெக்கார்டில் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் ஒரு வெற்று வளையம் இருக்கும், பாருங்க. அதில் ஆர்.வி.ஜி. என்றோ வான் கெல்டர் என்றோ பொறித்திருந்தால் அது அவர் கையால் வெட்டியது. அதே வளையத்தில் இன்னொரு சின்னக் குறியும் இருக்கும். அச்சடித்த ப்ளாஸ்டிலைட் ஆலையின் முதலெழுத்து 'பி', வளைத்து எழுதியதில் பார்க்க மனிதக் காது மாதிரியே இருக்கும். சேகரிப்பவர்கள் அதைக் 'காது' என்றே சொல்கிறார்கள். "காது இருக்கா?" என்பதுதான் ப்ளூ நோட் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி. தினமும் நான் கேட்கிற கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

லேபிளில் அச்சிட்ட முகவரியும் காலத்தைச் சொல்லும். லெக்ஸிங்டன் அவென்யூ என்றால் ரொம்பப் பழசு. 47 மேற்கு 63-ஆம் தெரு என்றால் 1957-க்குப் பிறகு. அப்புறம் 'நியூயார்க் யு.எஸ்.ஏ.' 1965-இல் கம்பெனியை லிபர்ட்டி வாங்கியது. 1966-லிருந்து லேபிளில் லிபர்ட்டி பெயர் வந்தது, காது போனது. இதிலும் கச்சிதம் கிடையாது. மிச்சமிருந்த பழைய லேபிளைப் புது அச்சில் ஒட்டிய கதையெல்லாம் உண்டு, ஒரு பக்கம் ஒரு முகவரி மறுபக்கம் இன்னொரு முகவரி என்று. அந்தக் குழப்பத்துக்கும் இன்று தனி விலை.

ஒரிஜினல் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது.

ஒன்று, டேப் அப்போது புதுசு. காந்த டேப் காலம் போகப் போக, ஓடவிட ஓடவிட, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மேல்ஸ்தாயி விவரங்களை இழக்கும். 1957-இல் வெட்டியவருக்குக் கிடைத்த டேப் இன்றைக்கு வெட்டுகிறவருக்குக் கிடைக்காது. இரண்டு, வெட்டியவர் அந்த அறையில் உட்கார்ந்து பதிவு செய்த அதே மனிதர். அந்த ட்ரம்பெட் அந்த ஹாலில் எப்படி ஒலித்தது என்று அவருக்குத் தெரியும். ஆல்ஃபிரட் லயன் கேட்டு, சரி என்று சொல்லி, கடைக்கு அனுப்பிய ஒலி அது. நல்ல நிலையில் இருக்கும் காது போட்ட ப்ளூ நோட்டில் ஊசியை வைத்தால் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு அனுபவம்தான்.

மூன்றாவது நியாயம் மறுபதிப்புகளின் யோக்கியதை. எல்லா மறுபதிப்பும் நல்லதென்று நான் சொல்ல வரவில்லை. 1960-களின் கடைசியில் ஸ்டீரியோ மோகம் வந்தபோது, மோனோவில் பதிவான பழைய இசையை எலெக்ட்ரானிக் வித்தையால் இரண்டாகப் பிரித்துப் போலி ஸ்டீரியோவாக விற்றார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது மாதிரி இருக்கும். "எலெக்ட்ரானிகலி ரீசானல்ட்" என்று அட்டையில் போட்டிருந்தால் சும்மா கொடுத்தாலும் யோசிங்க. 1973 எண்ணெய் நெருக்கடியில் வினைலுக்குத் தட்டுப்பாடு வந்து, தட்டுகள் அப்பளமாக மெலிந்த காலம் ஒன்று. அப்புறம் ஐரோப்பா. அங்கே 1963-க்கு முன் வெளியான பதிவுகளின் ஐம்பது வருஷ உரிமை முடிந்துவிட்டதால், யார் வேண்டுமானாலும் சட்டப்படி அச்சடிக்கலாம். மூல டேப் அவர்கள் கையில் கிடையாது. சி.டி.யையோ அதுபோல எதையோ எடுத்து வினைலில் வெட்டி, புது அட்டை போட்டு, '180 கிராம்' என்று தங்க ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். நம்மூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற ஜாஸ் எல்.பி.க்களில் இந்த ரகம் நிறைய. கிராம் எடையைச் சொல்லும், டேப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இதையெல்லாம் பார்த்துத்தான் ஒரு தலைமுறை "ஒரிஜினல் மட்டும்தான்" என்ற முடிவுக்கு வந்தது. அந்த நாளில் அது நியாயமான முடிவு. இன்றைக்கும் அதையே வேதமாகச் சொல்வதுதான் பிரச்சினை.

ஏன் என்பதற்கு ஜாஸ் உலகத்தின் மிகப் பிரபலமான ரெக்கார்டே சாட்சி. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. கொலம்பியா கம்பெனி, 1959. மார்ச் 2-ஆம் தேதியும் ஏப்ரல் 22-ஆம் தேதியும் நியூயார்க் 30-ஆவது தெரு ஸ்டூடியோவில் பதிவு, ஆகஸ்டில் வெளியீடு. மார்ச் மாதப் பதிவின்போது மாஸ்டர் டேப் ஓடிய மெஷின் சற்றே மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? இசை கொஞ்சம் வேகமாகும், சுருதி கொஞ்சம் ஏறும். முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் அந்த நாளில் பதிவானவை. அதனால் முதல் பக்கம் முழுக்க, மைல்ஸும் கோல்ட்ரேனும் வாசித்ததைவிட ஒரு மயிரிழை உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறது. மயிரிழைதான், ஆனால் ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்துப் பழக உட்காருகிறவரின் கருவி அதோடு சேராது.

அன்று பாதுகாப்புக்காக இன்னொரு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அது சரியான வேகத்தில் ஓடியது. அந்த டேப்பை எடுத்துத் தவறைத் திருத்தி வெளியிட்டது 1992-இல். அதாவது 33 வருஷம் உலகம் முழுக்க விற்ற ஒவ்வொரு 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலும், லேபிளில் ஆறு கண் போட்ட முதல் அச்சு உட்பட, முதல் பக்கம் சுருதி விலகியது. அன்று ஸ்டூடியோவில் அவர்கள் வாசித்த சுருதியில் கேட்க வேண்டுமா? மறுபதிப்பைத்தான் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு நண்பர் சண்டைக்கு வருவார்: "மக்கள் 33 வருஷம் கேட்டு நெகிழ்ந்தது அந்தச் சுருதியைத்தானே? அப்ப எது ஒரிஜினல்?" நல்ல கேள்வி. ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இது பழகிய தலைவலி. பழைய ஏடு என்பதாலேயே அதில் இருப்பது சரியான பாடம் ஆகிவிடாது. பல தலைமுறை படித்துப் பழகிய பாடம் என்பதாலும் ஆகாது. என் கட்சி வாசித்தவர்கள் கட்சி. அவர்கள் என்ன வாசித்தார்களோ அது. நீங்கள் கேட்டவர்கள் கட்சியில் இருந்தால் எனக்கு வருத்தமில்லை, முதல் அச்சை வாங்கிக்குங்க. ஆனால் "அதுதான் உண்மையான சவுண்டு"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

வான் கெல்டர் கதைக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. அந்தக் காலத்து வீட்டு ப்ளேயர்களில் ஊசி குதிக்காமல் ஓட வேண்டும், சின்ன ஸ்பீக்கரில் எடுப்பாகக் கேட்க வேண்டும். அதற்காக வெட்டும்போது சில சமரசங்கள் செய்தார், குறிப்பாக அடிநாதத்தில். மூல டேப்பைக் கேட்டு இன்று மறுபதிப்பு வெட்டுகிறவர்கள், டேப்பில் பழைய ரெக்கார்டில் இல்லாத பாஸ் இருக்கிறது என்கிறார்கள். வான் கெல்டருக்கே எல்.பி. மேல் பெரிய பக்தி இல்லை. டிஜிட்டல் வந்தபோது சந்தோஷமாக வரவேற்றவர் அவர். வினைல் ஒலியைத் திரிக்கிறது என்று வெளிப்படையாகப் பேசியவர். எழுபது வயதைத் தாண்டி, தான் பதிவு செய்த பழைய டேப்புகளைத் தானே மறுபடி சி.டி.க்காகத் தயாரித்தார். 2016-இல் தன் 91-ஆவது வயதில் இறந்தார். அவர் கையெழுத்து இருக்கிற தட்டுக்கு லட்சம் கொடுக்கிறவர்கள், அந்தத் தட்டைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தேய்மானம். இதைப் பற்றி விற்கிறவர்கள் அதிகம் பேசுவதில்லை.

1957-இல் வாங்கிய ரெக்கார்டை யார் எதில் போட்டுக் கேட்டிருப்பார்கள்? இன்றைய டர்ன்டேபிள் ஊசி ஏறக்குறைய இரண்டு கிராம் எடையில் வரியைத் தொடுகிறது. அன்றைய சாதாரண ப்ளேயர்களில் அது ஐந்து கிராமுக்கும் மேல், சிலவற்றில் அதற்கும் பல மடங்கு. தேய்ந்த ஊசியோடு, தூசியோடு, பார்ட்டியில் சிகரெட் சாம்பலோடு. அப்படிப் பத்து வருஷம் உழுத வரியில் மேல்ஸ்தாயி விவரம்தான் முதலில் போகும். ட்ரம்பெட் உச்சத்துக்குப் போகும்போது கரகரப்பு கேட்கும். இந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. மேலே கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கும் தட்டுக்குள்ளே வரி சிதைந்திருக்கலாம். வெளியே நல்லா இருக்காரே, ஈ.சி.ஜி. எதுக்குன்னு கேட்கிற மாதிரிதான், போட்டுக் கேட்காமல் வாங்குவது.

தர அடையாளங்களையும் நம்பி ஏமாறாதீங்க. 'வி.ஜி.' என்றால் 'வெரி குட்'. ஆனால் இந்தச் சந்தையின் பாஷையில் 'வெரி குட்' என்றால் நன்றாகவே சத்தம் வரும் என்று அர்த்தம். கேட்கத் தகுந்த பழைய தட்டு வேண்டுமென்றால் 'வி.ஜி. ப்ளஸ்'ஸிலிருந்துதான் பேச்சே. அந்தத் தரத்தில் காது போட்ட ப்ளூ நோட்டின் விலை எங்கேயோ போய்விடும். கையில் இருக்கிற காசுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தேய்ந்த ஒரிஜினல்தான். ஆக உண்மையான போட்டி தேய்ந்த ஒரிஜினலுக்கும் புத்தம்புது மறுபதிப்புக்கும் நடுவில். அந்தப் போட்டியில் எது ஜெயிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இப்ப என் ஏரியாவுக்கு வருவோம். காது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் ரோமச் செல்கள் அதன் வாசலிலேயே இருக்கின்றன. வயசாக ஆக முதலில் சாவது அவைதான், மறுபடி முளைக்காது. குழந்தைக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஐம்பது வயதில் பலருக்கு 12,000, 14,000-க்கு மேல் கேட்காது. அறுபதில் இன்னும் கீழே. பேச்சு அதற்கு வெகு கீழே இருப்பதால் நமக்கு இழப்பு தெரிவதில்லை. நாங்கள் செய்யும் வழக்கமான ஆடியோகிராம் சோதனையே 8,000-உடன் நின்றுவிடும். "நார்மல்"னு ரிப்போர்ட் வாங்கிட்டுப் போறவருக்கும் சிம்பலின் உச்சி மினுமினுப்பு கேட்காமல் இருக்கலாம்.

லட்சக்கணக்கில் ஒரிஜினல் வாங்க வசதி வருகிற வயசு எது? அதுதான். ஒரிஜினலில் "காற்று கேட்குது", "சிம்பல் மினுக்குது"ன்னு எழுதுகிறவர்களில் பலருக்கு அந்த மினுக்கு இருக்கும் இடத்தில் செல்லே மிச்சமில்லை. கிண்டல் பண்ணலைங்க, என் காதும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. கோவில் வெடி, ஹெட்போன், ஜெனரேட்டர் சத்தம் எல்லாம் சேர்ந்தால் நம் ஊரில் அந்த வயசு இன்னும் சீக்கிரம் வரும்.

அப்போ அவங்க பொய் சொல்றாங்களா? இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே கேட்கிறது. கேட்பது காதோடு முடிவதில்லை, மூளையில் முடிகிறது. மாத்திரையின் நிறமும் விலையும் வலியைக் குறைக்கும் என்பதை மருத்துவத்தில் நெடுநாளாகப் பார்த்து வருகிறோம். லட்சம் ரூபாய் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கும் மூளை, அதற்குத் தகுந்த மாதிரிதான் கேட்கும்.

இதற்கு அழகான உதாரணம் 2022-இல் அமெரிக்காவில் நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனி உயர்ரக மறுபதிப்புக்குப் பேர் போனது. மூல டேப்பிலிருந்து நேரடியாக, இடையில் டிஜிட்டலே இல்லாமல் வெட்டுகிறார்கள் என்று வாங்குகிறவர்கள் நம்பினார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 40,000 பிரதி வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும், மூல டேப்பை அத்தனை தடவை ஓட்ட விடுவார்களா என்ற கேள்வி கிளம்பியது. கடைசியில் கம்பெனியே ஒப்புக்கொண்டது: பல வருஷமாகப் பல வெளியீடுகளில் நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. வழக்குப் போட்டார்கள், சமரசத்தில் முடிந்தது. கம்பெனி தெளிவாகச் சொல்லாதது தப்புதான். ஆனால் எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில். டிஜிட்டல் என்றால் அரை நிமிஷத்தில் கண்டுபிடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த காதுகள் அத்தனை வருஷம் அந்த ரெக்கார்டுகளைப் புகழ்ந்துகொண்டே இருந்தன.

அதனால் வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்க. மருந்துகளுக்கு நாங்கள் செய்வதுதான். ஒரே பாட்டு, இரண்டு பிரஸ்ஸிங். மாற்றிப் போடுவது நண்பர். உங்களுக்கு எது என்று தெரியக் கூடாது. முக்கியமா, சத்தத்தின் அளவைச் சமமாக வைக்கணும். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே மூளை அதை "இன்னும் உயிரோட்டமா இருக்கு"ன்னு சொல்லிடும். போனில் இருக்கும் டெசிபல் ஆப் போதும். நான் ஒரு நண்பருடைய ஒரிஜினல் 'ப்ளூ ட்ரெயி'னையும் 2022-இல் வந்த டோன் போயட் மோனோ மறுபதிப்பையும் இப்படிக் கேட்டேன். வித்தியாசம் இருந்தது. லீ மார்கன் ஒரிஜினலில் இன்னும் கொஞ்சம் முன்னால் நின்றார், உறுத்தலோடு. பால் சேம்பர்ஸின் பாஸ் மறுபதிப்பில்தான் முழுசாகக் கேட்டது, விரல் நரம்பைத் தொடுவது உட்பட. எது உசத்தி என்று என்னைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவே லட்சம் ரூபாய் தூரம் இல்லை.

கையில் மோனோ ஒரிஜினல் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு ஒரு இலவச வைத்தியம். ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' பட்டன் இருந்தால் அழுத்துங்க. மோனோ வரியில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழுமான அசைவையும் படித்து அழுக்குச் சத்தத்தைச் சேர்க்கும். பட்டனை அழுத்தினால் அதில் கணிசமான பகுதி காணாமல் போகும்.

என்ன வாங்கலாம்? ப்ளூ நோட்டின் டோன் போயட் வரிசை, 2019-லிருந்து வருகிறது. கெவின் கிரே மூல அனலாக் டேப்பிலிருந்து வெட்டுகிறார். நம்மூரில் இறக்குமதி விலை நாலைந்தாயிரம் வாக்கில் இருக்கும். அதைவிட மலிவாக, சாதாரண அட்டையில் 'கிளாசிக்' வரிசை, வெட்டுகிறவர் அவரேதான். ப்ரெஸ்டீஜ், ரிவர்சைட் கம்பெனி இசைக்கு 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்'. 1980-களில் வந்த பழைய பிரதிகள் செகண்ட்ஹாண்டில் நியாய விலைக்குக் கிடைக்கும், 2023-லிருந்து புதிதாகவும் வருகின்றன. சோனி ரோலின்ஸின் 'சாக்ஸபோன் கொலாசஸ்' இதில்தான் வாங்கணும். ஜப்பானில் 1970-களின் கடைசியில் கிங் கம்பெனி அடித்த ப்ளூ நோட்டுகள் பிரதி டேப்பிலிருந்து வந்தவை, ஆனால் தட்டு அவ்வளவு அமைதி. மழைநாள் ராத்திரியில் கேட்க அதுதான் எனக்குப் பிடிக்கும்.

பழைய பொருளாகவும் இருக்கணும், பையும் கிழியக் கூடாது என்றால் ஒரு நடுவழி: லிபர்ட்டி காலத்து அச்சு. லேபிளில் லிபர்ட்டி பெயர் இருக்கும், காது இருக்காது. ஆனால் பலவற்றின் வெற்று வளையத்தில் வான் கெல்டர் பெயர் இருக்கும். அதாவது அவர் வெட்டியதிலிருந்து வந்த அச்சுதான், ஆலை மட்டும் வேறு. விலையோ காது போட்டதில் ஒரு சிறு பங்கு. இது ஒன்றே போதும், சந்தை எதற்கு விலை வைக்கிறது என்று புரிந்துகொள்ள.

அப்படியானால் ஒரிஜினல் சேகரிக்கிறவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. அவர்கள் பத்திரப்படுத்தாவிட்டால் எந்த வருஷம் எந்த முகவரி என்று இன்று யாருக்குத் தெரியும்? ரீட் மைல்ஸ் வடிவமைத்த அட்டைகளை அந்தக் காலத்துத் தடித்த காகிதத்தில் பார்ப்பது தனி சுகம். தாத்தா கைக்கடிகாரத்தை நேரம் பார்க்கவா வச்சிருக்கோம்? அப்படி வாங்குகிறவர் நிம்மதியாக இருக்கிறார். சவுண்டுக்காக என்று தன்னையே சமாதானம் செய்து வாங்குகிறவர்தான் அடுத்த மாதம் கார்ட்ரிட்ஜை மாற்றுகிறார், அதற்கடுத்த மாதம் ஒயரை மாற்றுகிறார்.

ஒரு பெயரைச் சொல்லி முடிச்சுக்கறேன். ஹாங்க் மோப்லி, டெனர் சாக்ஸபோன். ப்ளூ நோட் 1568 என்ற எண்ணில் அவர் பெயரிலேயே வந்த எல்.பி., சேகரிப்பவர்களின் உச்சக் கனவுகளில் ஒன்று. நல்ல பிரதிக்குப் பல ஆயிரம் டாலர். லேபிளில் 'நியூயார்க் 23' என்று இருக்கிறதா 'என்.ஒய்.சி.' என்று இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மோப்லிக்கு நுரையீரல் நோய் வந்து 1970-களின் நடுவிலேயே வாசிப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. தங்க வீடில்லாமலும் கஷ்டப்பட்டார். 1986-இல் நிமோனியாவில் இறந்தபோது வயது 55. ஒரு மருத்துவனாக அந்த வரியை என்னால் சாதாரணமாகத் தாண்டிப் போக முடிவதில்லை. அந்தப் பழைய தட்டு எத்தனை ஆயிரம் டாலருக்குக் கைமாறினாலும் வாசித்தவர் குடும்பத்துக்கு அதில் ஒரு காசு போக வழியில்லை.

அவருடைய ஆகச் சிறந்தது என்று நான் நினைப்பது 'சோல் ஸ்டேஷன்'. 1960 பிப்ரவரி 7-ஆம் தேதி, நாலே பேர், வான் கெல்டர் ஸ்டூடியோ. இணையத்தில் எங்கும் கேட்கக் கிடைக்கிறது. ரெக்கார்டு வாங்குவதா வேண்டாமா என்பதை அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. சத்தத்தை மட்டும் ரொம்ப ஏத்தாதீங்க.